லட்சக்கண்ணன்

பீர்கோட்டில் நிஹாங்குகள் என்கிற சீக்கியப் படைக்கூட்டத்தின் சமையல்கட்டில் வெங்காயம் கிடையாது, வெள்ளிதான் உண்டு. கடலை கிடையாது, பாதாம் உண்டு. மிளகாய்க்குச் சண்டைக்காரி என்று பேர். ஒற்றை ஆள் வந்து பந்தியில் உட்கார்ந்தால், "ஒண்ணேகால் லட்சம் படை வந்திருக்கு, ரொட்டி போடு" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். செத்தவர் யாரும் செத்துப்போவதில்லை. படையெடுத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான். காட்டில் ஒளிந்து பச்சைக்கடலையைத் தின்றுகொண்டு சண்டை போட்ட காலத்துப் பெரியவர்கள் உண்டாக்கிய பாஷை அது. இல்லை என்று வாயால் சொல்லிவிட்டால் பாதி தோற்ற மாதிரி என்பது அவர்கள் கட்சி. வயிறு காய்ந்தவனுக்கு அது தெம்பு கொடுத்திருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சில் முள் தைத்தவன் அந்தப் பாஷையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

அந்தப் பாஷையில் குருடனுக்கு வீரன் என்று பேர். ஒரு கண் போனவன் லட்சக்கண்ணன்.

எங்கள் ஊர் லட்சக்கண்ணன் கேஹர் சிங். குருத்வாராவில் ஆயுதங்களைப் பார்த்துக்கொள்கிறவர். நான் சொல்லப்போவது அவரைப் பற்றி அல்ல. அந்தக் கண்ணை எடுத்த தல்பாரா சிங்கைப் பற்றி.

தல்பாரா சிங்குக்கு அறுபது வயது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மோட்டார் வைண்டிங் கடை. கோதுமைக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரத்து விவசாயிகள் எல்லாம் அவரிடம்தான் ஓடி வருவார்கள். செம்புக்கம்பியைச் சுற்றும்போது அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, எண்ணிக்கை தவறிவிடும். எண்ணாத நேரத்திலும் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. விடிந்ததும் குருத்வாராவுக்குப் போய், வருகிறவர்களின் செருப்புகளைத் துடைத்து அடுக்கி வைப்பார். உள்ளே குரு கிரந்தத்துக்கு முன்னால் வாள்களும் ஈட்டிகளும் சக்கரங்களும் வரிசையாக இருக்கும். மற்றவர்கள் கிட்டே போய் நெற்றி படியக் கும்பிடுவார்கள். இவர் நாலு அடி தள்ளியே மண்டியிட்டு எழுந்துவிடுவார். நாற்பது வருஷமாக ஒரு பிரம்பைக்கூடக் கையால் தொட்டதில்லை.

"பாத்தியா, நட்புன்னா இப்படி இருக்கணும்" என்று ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். "கூட்டாளி கண்ணு தன் கையால போயிடுச்சேன்னு, அன்னைக்கே ஆட்டத்த விட்டவரு."

இந்தப் பாராட்டு காதில் விழும்போதெல்லாம் தல்பாரா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவார். ஏனென்றால் அன்றைக்கு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும்.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து ஹோலா, ஹோலிக்கு மறுநாள் நிஹாங்குகள் ஆயுத ஆட்டம் ஆடும் திருவிழா. அப்போது இருவருக்கும் இருபது வயது. இருவரும் நிஹாங் தலைவரான ஜத்தேதார் மோக்கம் சிங்கின் பயிற்சிக்களமான அகாடாவில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கையில் பிரம்பு வருவதற்கு முன்னால் ஆறு மாசம் வெறும் காலடி மட்டும் போட்டுப் பழகியவர்கள். தல்பாராவுக்குக் கைவேகம் அதிகம். கேஹருக்குக் காலடி சுத்தம். போட்டியில் காலடிதான் ஜெயிக்கும் என்று ஜத்தேதார் தலைபாடாக அடித்துக்கொண்டதை தல்பாரா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கேஹர் ரோப்பரில் பட்டாள ஆளெடுப்புக்குப் போய் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறி வந்திருந்தான். ஏப்ரல் மாசம் மருத்துவச் சோதனை. அதற்குள் வரும் கடைசி ஹோலா அது.

பிரம்பும் கைக்கேடயமும் வைத்து ஆடும் ஆட்டத்தில் அடிக்க வேண்டியதில்லை, தொட்டால் போதும். அன்றைக்குக் கேஹர் மூன்று தடவை தொட்டான். முதல் தடவை தோளில். இரண்டாவது முழங்காலில். மூன்றாவது, தல்பாரா வேகமாகச் சுழன்று திரும்பிய நேரத்தில், பின்பக்கத்தில். அடி அல்ல, ஒரு தட்டு. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

"கொசு ஓட்டுறான்டா!" என்று யாரோ கத்தினான். "தல்பாரா, தொட்டில்ல போட்டு ஆட்டச் சொல்லு, தூங்கிருவ!"

மூன்று தொடல் ஆனால் ஆட்டம் முடிந்தது. முடிந்ததும் ஜெயித்தவன், தோற்றவன் இருவருமே குனிந்து, ஆயுதத்தைத் தரையில் வைத்து, தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஜெயித்தது ஆயுதம், நீ அல்ல என்று ஜெயித்தவனுக்குச் சொல்வது அது. தோற்றவனுக்கும் அதுவே ஆறுதல். ஆகவே இரண்டடி பின்னால் போய், கேடயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கேஹர் குனிந்தான்.

தல்பாரா குனியவில்லை. குனிந்திருந்த முதுகைப் பார்த்தான். பார்த்துத்தான் பிரம்பை வீசினான். முதுகில் ஒன்று வைக்க வேண்டும் என்றுதான் நினைப்பு. காற்றில் பிரம்பு வரும் சத்தம் கேட்டுக் கேஹர் முகத்தைத் தூக்கினான்.

அந்த நேரம் ஜத்தேதார் முரசு அடிப்பவனை நிறுத்தச் சொல்வதற்காக அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கூட்டத்தில் பாதி சிரித்துக்கொண்டிருந்தது, பாதி வண்ணப்பொடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. "பாவம், வீசின வீச்ச நிறுத்த முடியல" என்று முதலில் சொன்னது யாரோ முகம் தெரியாத ஆள். தல்பாரா அல்ல. அவன் வாயே திறக்கவில்லை. பிறத்தியான் சொன்ன பொய் வசதியாக இருந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஜத்தேதார் வந்தார். பின்னால் பத்துப் பேர். கட்டுப் போட்ட முகத்தோடு கேஹர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பட்டாளம் போய்விட்டது என்று காலையில்தான் டாக்டர் வாயால் கேட்டிருந்தான். ஜத்தேதார் அவன் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணு போச்சுன்னு எவன்டா சொன்னது? ஒண்ணு போயி லட்சம் வந்திருக்கு! இனிமே இவன் லட்சக்கண்ணன்!"

எல்லாரும் சிரித்தார்கள். கேஹரும் கட்டுக்கு வெளியே இருந்த பாதி முகத்தால் சிரித்தான். கதவோரம் நின்ற தல்பாராவும் சிரித்தான். அப்பாடா, விஷயம் சிரிப்போடு முடிந்தது என்று அவனுக்கு மூச்சு வந்தது. கேஹர் சிரித்துவிட்டான் என்றால் மன்னித்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? இருபது வயசுப் புத்தி அப்படிக் கணக்குப் போட்டது. நாற்பது வருஷம் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

நிஹாங்குகளின் பாஷையில் தண்டனைக்கும் ஒரு வார்த்தை உண்டு: சம்பளம். தப்புச் செய்தவன் ஐந்து பேர் முன்னால் கைகட்டி நின்று, இன்னது செய்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் பாத்திரம் கழுவு, செருப்புத் துடை என்று சம்பளம் போடுவார்கள். முடித்துவிட்டால் தீர்ந்தது, அப்புறம் யாரும் அதைப் பேசக் கூடாது. தல்பாரா ஐந்து பேர் முன்னால் போகவே இல்லை. தானாகப் போய்ச் செருப்புத் துடைக்க உட்கார்ந்துகொண்டார். வேலையில் சேராமலே சம்பளம் வாங்கிய ஆள் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அப்படி வாங்கும் சம்பளம் எத்தனை வருஷம் ஆனாலும் தீராது என்பது அவருக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

சொல்லிவிட வேண்டும் என்று முயற்சி செய்யாமல் இல்லை. கேஹரின் கல்யாணத்துக்கு முதல் நாள், லட்டு உருட்டிக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"கேஹர், அன்னைக்கு ஹோலாவுல..."

"அன்னைக்கு என்ன? அன்னைக்குத்தான எனக்கு லட்சம் கண்ணு முளைச்சுது" என்றார் கேஹர். சொல்லிவிட்டு, கையிலிருந்த லட்டைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

தல்பாரா சிரித்தார். "லட்டுல நெய் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இன்னொரு தடவை, இருவருக்கும் பிள்ளைகள் பிறந்து பெரியவர்களான பிறகு, குருத்வாராவில். கேஹர் காலை வேலையில் இருந்தார். ஒவ்வொரு வாளையும் உறையிலிருந்து எடுத்து, நெற்றியில் ஒற்றி, கடுகெண்ணெய்த் துணியால் பிடியிலிருந்து நுனி வரைக்கும் துடைத்து, பிறந்த பிள்ளையைக் கிடத்துவது மாதிரி வெள்ளைத் துணியில் கிடத்துவார். ஆயுதத்துக்கு முதுகு காட்ட மாட்டார். தாண்டிப் போக மாட்டார். அங்கியின் நுனி படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். பட்டாளத்துத் துப்பாக்கியைத் துடைக்க வேண்டிய கை என்று தல்பாரா வாசலில் நின்றபடி நினைத்தார்.

"கேஹர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு சிங்கா. லட்சக்கண்ணனுக்குத் தெரியாததா என்ன?" கேஹர் வாளைக் கீழே வைத்துவிட்டு, இருந்த ஒரு கண்ணால் அவரை நேராகப் பார்த்தார்.

தல்பாரா அண்ணாந்து மேலே பார்த்தார். "இல்ல... இந்த ஃபேன் கரகரன்னு சத்தம் போடுது. கழட்டிக் குடு, வைண்டிங் பண்ணித் தாரேன்."

கேஹர் "கழட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு வாளைத் திரும்ப எடுத்தார். பீர்கோட் குருத்வாராவில் இன்றைக்கும் சத்தமில்லாமல் ஃபேன் ஓடுகிறது என்றால் காரணம் அதுதான்.

இப்படியே வருஷங்கள் போயின. போன பங்குனியில், ஹோலா முடிந்து நாலு நாள் இருக்கும், மத்தியான நேரத்தில் கேஹரின் மனைவி நசீப் கௌர் கடைக்கு வந்தாள். அவளுக்கு இந்த நிஹாங் பேச்சே பிடிக்காது. "எங்க வீட்டுல வெங்காயம் வெங்காயம்தான். உரிச்சா கண்ணுல தண்ணி வரும்" என்பாள். வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணே, அவரக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு."

"ஏன், என்னாச்சு? நேத்துகூட நான் பத்தடி தள்ளி வரப்பவே பேரச் சொல்லிக் கூப்பிட்டானே."

"உங்க செருப்புச் சத்தத்த வச்சுக் கூப்பிட்டிருப்பாரு. எல்லாரையும் அப்படித்தான் ஏமாத்துறாரு. போன மாசம் வாளத் தொடைக்கிறப்ப கட்டைவிரலப் பிளந்துகிட்டாரு. கேட்டா, வாள் ருசி பாத்துச்சாம். சரி, அதுகூடப் போகட்டும். நேத்து..." அவள் குரல் இறங்கியது. "நேத்து வாளத் தாண்டிட்டாரு அண்ணே. தரையில கிடந்தது தெரியல, கால வச்சுத் தாண்டிட்டாரு. உறையில கால் உரசினப்பதான் தெரிஞ்சிருக்கு. அப்ப இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

தல்பாரா எண்ணிக்கொண்டிருந்த சுற்று எண்ணிக்கை எங்கேயோ போனது. கட்டைவிரல் பிளந்ததை யாரும் நம்பிவிடலாம். கேஹர் ஒரு வாளைத் தாண்டினார் என்றால், கேஹருக்குக் கண் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

மறுநாள் காலையிலேயே காரை வைத்துக்கொண்டு இருவரும் ரோப்பருக்குப் போனார்கள். வழியெல்லாம் கேஹர் வாய் ஓயவில்லை.

"பயப்படாத சிங்கா. ஒண்ணு போனதுக்கு லட்சக்கண்ணன்னாங்க. ரெண்டும் போனா வீரன்னு பட்டம். பட்டாளத்துல சேந்திருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் பதவி உயர்வு கெடைச்சிருக்காது."

தல்பாரா இந்தத் தடவையும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, எந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லி, மறுபடியும் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு காஞ்சுபோயிருக்கு, ஐயா. மூஞ்சியெல்லாம் தெரியாம எத்தன நாளாச்சு?"

"ஒரு வருசம் இருக்கும்" என்றார் கேஹர். "வெளிச்சம் தெரியுது. ஆளு நிழலா தெரியுறான்."

"ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா நிறுத்தியிருக்கலாம். போனது திரும்பி வராது. இருக்கிற வெளிச்சத்தக் காப்பாத்தச் சொட்டுமருந்து தாரேன்." அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "இடது கண்ணு எப்படிப் போச்சு? பிறவியா, நோயா, அடியா?"

ஒன்று போய் லட்சம் வந்த கதையை இப்போது எடுத்துவிடுவார் என்று தல்பாரா எதிர்பார்த்தார்.

"அடி" என்றார் கேஹர்.

"எதால?"

"பிரம்பு."

"விபத்தா?"

கேஹர் மடியில் இருந்த கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. நான் குனிஞ்சிருந்தேன். அடிச்சான்."

"சண்டையா?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சு. முடிஞ்சப்புறம் அடிச்சான்."

அவளுக்கு இது இன்னொரு நோயாளியின் பழைய கதை. விரல்கள் தட்டிக்கொண்டே போயின. "எந்த வருசம்?"

கேஹர் முகத்தை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினார். "எந்த வருசம்டா?"

தல்பாரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எழுபத்தொம்பது" என்றார்.

"எழுபத்தொம்பது" என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டினாள். அடுத்த ஆளை வரச் சொல்லி மணி அடித்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. கேஹரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு தல்பாரா எதிரிலேயே நின்றார். மருந்துச்சீட்டு கையில் கசங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"நல்லாருக்கே கேள்வி! அடி வாங்கினவனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா இத்தன வருசம் ஒரு வார்த்தகூட..."

"நான் ஏன் சொல்லணும்? அடிச்சது நானா?" கேஹரின் குரலில் கேலி இல்லை. அந்தக் குரலை தல்பாரா இதுவரை கேட்டதே இல்லை. "ஆஸ்பத்திரியில ஜத்தேதார் அந்தப் பேர வச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது, அழறதுக்கு நம்ம பாஷையில வார்த்த ஏது? ஆனா நீ சிரிக்க மாட்டேன்னு நெனச்சேன்டா. கதவுப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன். நீயும் சிரிச்ச."

"நீ சிரிச்சதால மன்னிச்சுட்டேன்னு நெனச்சுட்டேன், கேஹர்."

"கேக்காதவனுக்கு எப்படிடா மன்னிப்புத் தர முடியும்? நாப்பது வருசமா லட்சக்கண்ணன், லட்சக்கண்ணன்னு உன் முன்னாடி நானே சொல்லிக்கிட்டு இருந்தேனே, எதுக்கு? இன்னைக்காவது இவனுக்கு வாய் திறக்கும்னுதான். கதவத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ ஃபேனக் கழட்டிட்டுப் போன."

தல்பாரா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். தலைப்பாகை கட்டிய பெரிய மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தால் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

"நீ குனிஞ்சிருந்த" என்றார். "ஆயுதத்தக் கும்பிட்டுக்கிட்டு இருந்த. எல்லாரும் சிரிச்சாங்கன்னு எனக்குப் பொறுக்கல. நான் பாத்துதான்டா அடிச்சேன். கை வழுக்கல, ஒண்ணும் வழுக்கல. உன் கண்ண நான்தான் எடுத்தேன், உன் பட்டாளத்தையும் நான்தான் எடுத்தேன். என்னை மன்னிச்சிரு."

கேஹர் அசையாமல் கேட்டார். ஏதோ ஒரு சின்ன விஷயம் கைக்கு எட்டாமல் போனவர் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு குரல் வந்த பக்கமாகக் குனிந்தார். தல்பாரா கொஞ்சம் இடப்பக்கம் இருந்தார். கேஹர் பார்த்தது அவருக்குப் பின்னால் இருந்த சுவரை.

"சொல்லிட்ட. சரி. நான் மன்னிச்சாச்சு, அது எப்பவோ ரெடியா இருந்ததுதான். ஆனா ஒரே ஒரு ஆச வச்சிருந்தேன்டா. இதச் சொல்றப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்னு. அதுக்காகவே அந்த ஒத்தக் கண்ணப் பத்திரமா வச்சிருந்தேன்னுகூட வச்சுக்கோ. போன வருசம் சொல்லியிருந்தாக்கூடப் பாத்திருப்பேன்."

தல்பாராவின் தாடி நனைந்துகொண்டிருந்தது. சத்தம் வெளியே வராமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, நீயே சொல்லு" என்றார் கேஹர், சுவரைப் பார்த்தபடி. "இப்ப எப்படிடா இருக்கு உன் மூஞ்சி?"